எரிசக்திச் சட்டமும் ஊருக்கு ஒரு துண்டும்: 2003-இல் தோற்ற மசோதா 2005-இல் எப்படி வென்றது?

#1 தாமிரபரணிக்காரன்

அமெரிக்கக் காங்கிரஸில் பெரிய சட்டம் ஒன்று நிறைவேற வேண்டுமானால் ஊருக்கு ஒரு சலுகைத் துண்டு வெட்டிக் கொடுத்தாக வேண்டும் என்று வேறோர் இழையில் நான் எழுதியதற்கு, சான்று எங்கே என்று இருவர் கேட்டிருந்தார்கள். அந்த இழையைத் திசைதிருப்ப வேண்டாம் என்று இதைத் தனியாகத் தொடங்குகிறேன்.

நான் சான்றாக எடுத்துக்கொள்வது ஜார்ஜ் புஷ் காலத்து எரிசக்தி மசோதா. அவர் 2001 ஜனவரியில் பதவியேற்ற உடனேயே துணை அதிபர் டிக் செனி தலைமையில் ஒரு குழு அமைந்தது. மே மாதத்தில் அதன் அறிக்கை வந்தது. அக்குழு யார் யாரைச் சந்தித்தது என்ற பட்டியலைக்கூட வெளியிட மறுத்ததால், காங்கிரஸின் தணிக்கை அமைப்பே துணை அதிபர் மீது வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கு 2002 டிசம்பரில் தள்ளுபடியானது. மசோதாவோ 2001-இல் பிரதிநிதிகள் அவையிலும், 2002-இல் செனட்டிலும் வெவ்வேறு வடிவில் நிறைவேறி, இரண்டையும் ஒட்டவைக்க முடியாமல் செத்துப்போனது. அலாஸ்காவின் ஆர்க்டிக் வனவிலங்குக் காப்பகத்தில் எண்ணெய் தோண்டலாமா என்ற சண்டை அதற்கு ஒரு பெரிய காரணம்.

2003-இல் மறுபடி தொடங்கினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று, ஓஹியோவில் உயர் அழுத்தக் கம்பிகள் வளர்ந்த மரக்கிளைகளில் உரசியதில் தொடங்கிய கோளாறு, அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்ராறியோவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேரை இருட்டில் தள்ளியது. இனி மசோதாவை யாரும் தடுக்க முடியாது என்றே எல்லோரும் நினைத்தார்கள். இரு அவைகளின் வடிவங்களையும் ஒன்றாக்கும் கூட்டுக் குழுவின் அறிக்கையைக் குடியரசுக் கட்சியினர் கதவைச் சாத்திக்கொண்டு தயாரித்தார்கள். நவம்பரில் அது வெளிவந்தபோது, பத்தாண்டு வரிச்சலுகைகள் மட்டும் 2,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தன. வெள்ளை மாளிகை கேட்டது ஏறத்தாழ 800 கோடி. சோள மாநிலங்களுக்கு எத்தனால், மேற்கு வர்ஜீனியாவுக்கு நிலக்கரி, லூசியானாவுக்கும் டெக்சாஸுக்கும் எண்ணெய் எரிவாயு என்று பந்தியில் யாருடைய இலையும் காலியாக விடப்படவில்லை. நியூயார்க்கின் சிரக்யூஸ், லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் வட்டாரம், அட்லாண்டா, கொலராடோ ஆகிய இடங்களில் நான்கு வணிக வளாகங்களுக்குப் 'பசுமைப் பத்திரம்' என்ற பெயரில் வரிவிலக்குக் கடன்கூட அதில் இருந்தது. லூசியானா வளாகத்தில் ஹூட்டர்ஸ் உணவகம் இடம்பெற இருந்ததால், செனட்டர் ஜான் மெக்கெயின் அந்தப் பெயரையும் மாசுபடுத்துவோரைக் குறிக்கும் 'பொல்யூட்டர்ஸ்' என்ற சொல்லையும் இயைபாகக் கோத்து மசோதாவுக்கே பட்டப்பெயர் சூட்டினார்.

பிரதிநிதிகள் அவையில் 246-க்கு 180 என்று எளிதாக வென்ற மசோதா, நவம்பர் 21 அன்று செனட்டில் விழுந்தது. விவாதத்தை முடித்து இறுதி வாக்கெடுப்புக்குப் போக 60 பேர் வேண்டும். 57 பேர்தான் கிடைத்தார்கள். 2005-இல் மெலிந்த வடிவில் வந்தபோது 74-க்கு 26 என்று நிறைவேறியது. என் முடிவு இதுதான்: துண்டு வெட்டாமல் சட்டம் இல்லை, அளவுக்கு மீறி வெட்டினாலும் சட்டம் இல்லை.

#2 கணக்காயர்

நல்ல தொடக்கம், ஐயா. இரண்டு திருத்தங்களைச் சொல்ல அனுமதியுங்கள்.

முதலாவது, அந்த 57 என்ற எண் சற்றே ஏமாற்றுவது. செனட் பெரும்பான்மைத் தலைவர் பில் ஃபிரிஸ்ட், வாக்கெடுப்பு தோற்கப்போவது தெரிந்ததும் தமது வாக்கை எதிர்ப்பக்கம் மாற்றிக்கொண்டார். தோற்ற வாக்கெடுப்பை மறுபடி நடத்தக் கோரும் உரிமை வென்ற பக்கம் வாக்களித்தவருக்கே உண்டு என்ற விதிக்காக அவர் செய்தது அது. ஆகவே உண்மையான ஆதரவு 58. இரண்டே இரண்டு பேர் குறைந்தார்கள்.

இரண்டாவது, நீங்கள் சொல்லும் 'அளவுக்கு மீறி வெட்டியது' என்ற விளக்கத்தை வாக்குப் பட்டியல் ஒப்புக்கொள்ளவில்லை. ஆதரித்தவர்களில் 13 பேர் ஜனநாயகக் கட்சியினர். அக்கட்சியின் செனட் தலைவரான டாம் டேஷலே மசோதாவை முன்னெடுத்துச் செல்ல வாக்களித்தார். அவர் சோளம் விளையும் தெற்கு டகோட்டாக்காரர். 2012-க்குள் ஆண்டுக்கு 500 கோடி கேலன் எத்தனாலைப் பெட்ரோலில் கலந்தாக வேண்டும் என்ற கட்டளை அந்த மசோதாவில் இருந்தது. அதாவது துண்டுகள் வேலை செய்தன. தம் கட்சியின் பெரும்பகுதிக்கு எதிராகத் தலைவரையே இழுத்து வரும் அளவுக்கு வேலை செய்தன. மசோதாவைக் கவிழ்த்தது எதிர்ப்பக்கம் போன ஆறு குடியரசுக் கட்சியினர்: மெக்கெயின், மெய்னின் இருவர், ரோட் ஐலண்டின் சேஃபி, நியூ ஹாம்ப்ஷயரின் ஜட் கிரெக், ஜான் சுனுனு. மெக்கெயினுக்குச் செலவுதான் பிரச்சினை என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற ஐவரும் எந்த மூலையிலிருந்து வந்தவர்கள் என்று வரைபடத்தைப் பாருங்கள்.

உறுப்பினர்கள் தம் தொகுதிக்கென்று சட்டத்தில் சலுகை பெறுவதைக் குறிக்கும் 'பன்றி இறைச்சிப் பீப்பாய்' என்ற ஆங்கில வழக்கைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று வேறு இழையில் கேட்டிருந்தீர்கள். தொகுதிச் சலுகை என்பதே போதும் என்று நினைக்கிறேன். பீப்பாயைத் தமிழுக்குள் உருட்டிக்கொண்டு வர வேண்டிய தேவை இல்லை.

#3 மலர்விழி

நான் நியூ ஹாம்ப்ஷயரில் ஒன்பது ஆண்டுகள் குடியிருந்தவள் என்பதால் கணக்காயர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். கிரெக்கும் சுனுனுவும் தங்கள் அதிபரின் மசோதாவுக்கு எதிராகப் போனதற்குக் காரணம் வணிக வளாகமும் அல்ல, செலவும் அல்ல. எம்டிபிஇ என்ற ஒரு வேதிப்பொருள்.

பெட்ரோல் நன்றாக எரிவதற்காக அதில் கலக்கப்பட்டது அது. நிலத்தடித் தொட்டிகளில் கசிவு ஏற்பட்டால், பெட்ரோலின் மற்ற கூறுகளைவிட வேகமாக நீரில் கரைந்து வெகுதூரம் போய்விடும். மிகச் சிறிய அளவே இருந்தாலும் குடிநீரில் டர்பன்டைன் வாடை வீசும். கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் 1996-இலேயே இதனால் தன் கிணறுகளில் பெரும்பாலானவற்றை மூட நேர்ந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் கிராமப்புற வீடுகள் பலவற்றுக்குச் சொந்த ஆழ்துளைக் கிணறுதான் ஆதாரம். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலும் ஆண்டுக்கு ஒரு முறை தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புவது, வண்டிக்கு எண்ணெய் மாற்றுவதைப் போல ஒரு வழக்கமாகவே இருந்தது.

2003 செப்டம்பர் இறுதியில் அம்மாநிலம் எண்ணெய் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தது. நவம்பரில் வெளிவந்த மசோதாவில், இப்படிப்பட்ட பொருளைத் தயாரித்ததே குற்றம் என்று எந்த நிறுவனத்தின் மீதும் வழக்குப் போட முடியாது என்ற காப்பு இருந்தது. அந்தக் காப்பு எந்த நாளிலிருந்து செல்லும் தெரியுமா? செப்டம்பர் 5. மாநிலத்தின் வழக்கு ஒன்றும் ஆகாமல் போகும்படி, சில வாரங்கள் பின்னோக்கிப் போய்த் தேதி குறித்திருந்தார்கள். இதைப் பார்த்த பிறகு எந்த நியூ ஹாம்ப்ஷயர் செனட்டர் ஆதரித்திருப்பார்?

#4 ஹூஸ்டன் வாசி

நான் இருபது ஆண்டுகளாக ஹூஸ்டனை ஒட்டிய ஷுகர் லேண்டில் வசிக்கிறேன். எண்ணெய்த் துறையில்தான் சம்பளம் வாங்கினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதன்பின் என் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

மலர்விழி அம்மா சொன்னதில் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது. எம்டிபிஇ-யைப் பெட்ரோலில் கலந்தது நிறுவனங்களின் பேராசையால் மட்டும் அல்ல. 1990-ஆம் ஆண்டு தூய காற்றுச் சட்டத் திருத்தம், காற்று மாசு மிகுந்த நகரங்களில் விற்கும் பெட்ரோலில் எடையில் 2 விழுக்காடு ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அதற்கு நடைமுறையில் இரண்டே வழி: எத்தனால் அல்லது எம்டிபிஇ. எத்தனாலைக் குழாய் வழியாக அனுப்புவது கடினம். சோளம் விளையும் இடத்திலிருந்து கடற்கரை மாநிலங்களுக்குத் தொடர்வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். அரசே ஊக்குவித்த ஒன்றைச் செய்தவன் மீது, அரசு பின்னர் மனம் மாறியதும் வழக்குப் போடுவது நியாயமா என்பதுதான் பிரதிநிதிகள் அவையின் குடியரசுக் கட்சிப் புள்ளிகளான டாம் டிலேயும் ஜோ பார்ட்டனும் பில்லி டாஸினும் எழுப்பிய கேள்வி. தயாரிப்பு ஆலைகள் பெரும்பாலும் டெக்சாஸிலும் லூசியானாவிலும் இருந்தன, மூவரும் அந்த இரண்டு மாநிலத்துக்காரர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தொகுதிக்காரரின் வாயிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு வாதம் பொய்யாகிவிடாது.

தேதியைப் பின்னோக்கிக் குறித்தது அசிங்கம். அதை ஒப்புக்கொள்கிறேன்.

#5 தாமிரபரணிக்காரன்

என் முதல் பதிவின் முடிவைத் திருத்திக்கொள்ள வேண்டியதாகிறது. மசோதா விழுந்தது வயிற்றுப்பொருமலால் அல்ல, ஒரே ஒரு முள்ளால் என்பதை ஏற்கிறேன். பின்னர் நடந்ததும் அதற்குப் பொருந்துகிறது. செனட் எரிசக்திக் குழுவின் தலைவர் பீட் டொமினிசி 2004 பிப்ரவரியில் எம்டிபிஇ காப்பை நீக்கிவிட்டு, செலவையும் குறைத்து வேறொரு மசோதாவைக் கொண்டுவந்தார். பிரதிநிதிகள் அவையின் தலைமை அசையவில்லை. அதுவும் கிடப்பில் போனது. 2005 ஜூலையில்தான் அந்தப் பக்கம் காப்பைக் கைவிட்டது. அதன்பின் இரண்டே வாரங்களுக்குள் எல்லாம் முடிந்து, ஆகஸ்ட் 8 அன்று டொமினிசியின் சொந்த மாநிலமான நியூ மெக்சிகோவில், ஆல்பகர்க்கியில் உள்ள தேசிய ஆய்வகத்தில் வைத்துப் புஷ் கையெழுத்திட்டார். கையெழுத்திட்ட இடமே ஒரு தொகுதிச் சலுகை என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆனால் ஒன்று இன்னும் உறுத்துகிறது. மின்கட்டமைப்பின் பாதுகாப்பு விதிகள் அதுவரை தன்விருப்பமாகப் பின்பற்றப்பட்டவை. அவற்றைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதில் 2003 இருட்டுக்குப் பிறகு இரு கட்சிகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதை மட்டும் தனிச் சட்டமாகக் கொண்டுவரலாம் என்று வாஷிங்டன் மாநிலச் செனட்டர் மரியா காண்ட்வெல் வலியுறுத்தினார். நடக்கவில்லை. எல்லோரும் விரும்பும் பகுதியைத் தனியே கொடுத்துவிட்டால், சிலர் மட்டும் விரும்பும் பகுதிகளை இழுத்துச்செல்ல எருது இல்லாமல் போய்விடும் அல்லவா? ஆக, 5 கோடிப் பேர் இருட்டில் உட்கார்ந்த பின்பும் இரண்டு ஆண்டுகள் அந்த விதி எத்தனாலோடும் எம்டிபிஇ-யோடும் ஒரே கயிற்றில் கட்டுண்டு கிடந்தது. தொகுதிச் சலுகையின் உண்மையான விலை அந்த இரண்டு ஆண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

#6 வடகரை

இதுவரை எழுதிய எல்லோரும் தோல்வியடைந்ததையும் கேலிக்குள்ளானதையும் பற்றியே பேசுகிறீர்கள். யாரும் கேலி செய்யாமல் சட்டமானதைப் பற்றி நான் சொல்கிறேன்.

2005 சட்டத்தின் 322-ஆம் பிரிவு சில வரிகளே நீளம். பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தில் 'நிலத்தடியில் செலுத்துதல்' என்ற சொல்லின் வரையறையிலிருந்து, பாறையைப் பிளந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் முறையை, டீசலைச் செலுத்தும் நேர்வு தவிர, அது விலக்கியது. 1997-இல் அலபாமாவிலிருந்து எழுந்த ஒரு வழக்கில், இந்த முறையும் அச்சட்டத்தின் கீழ் வரும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பின் அடிப்படையையே இந்தச் சில வரிகள் எடுத்துவிட்டன. செனி முன்பு தலைமை ஏற்றிருந்த ஹாலிபர்டன் நிறுவனம் இந்தத் தொழிலில் முன்னணியில் இருந்ததால், எதிர்ப்பாளர்கள் அந்தப் பெயரையே இந்தப் பிரிவுக்கு வைத்துவிட்டார்கள்.

இதற்கு ஒதுக்கீடு எவ்வளவு? ஒரு காசும் இல்லை. வரவுசெலவு மதிப்பீட்டு அட்டவணையில் இதற்கு ஒரு வரிசையே இராது. அடுத்த பத்தாண்டுகளில் பென்சில்வேனியாவிலும் வடக்கு டகோட்டாவிலும் டெக்சாஸிலும் பாறைப் பிளப்பு எந்த அளவுக்கு வளர்ந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்; அந்த வளர்ச்சி எந்த விதிகளின் கீழ் நடந்தது, எதன் கீழ் நடக்கவில்லை என்பதைத் தீர்மானித்ததில் இந்த வரிகளுக்குப் பங்கு உண்டு. ஷ்ரீவ்போர்ட் உணவகம் தினசரிகளில் வந்த அளவில் நூற்றில் ஒரு பங்குகூட இது வரவில்லை.

எம்டிபிஇ காப்பும் இதே இனம்தான். அதற்கும் கருவூலத்திலிருந்து பணம் போகவில்லை. ஆனால் நியூ ஹாம்ப்ஷயர் வழக்கு தப்பிப் பிழைத்ததால் 2013-இல் என்ன நடந்தது? எக்ஸான்மொபில் 23.6 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மசோதாவில் 'பூஜ்யம்' என்று இருந்த ஒரு பத்தியின் மதிப்பு, ஒரே மாநிலத்துக்கு மட்டும் இவ்வளவு. ஆகவே, தொகுதிச் சலுகை என்றதும் பணம் ஒதுக்கிய இடத்தை மட்டும் தேடுவது, பூட்டை உடைத்தவனைப் பிடிக்கப் போய் வாசலில் செருப்பு திருடியவனைப் பிடித்து வருவதற்குச் சமம்.

#7 ஹூஸ்டன் வாசி

செருப்பு திருடியவரைப் பற்றியும் ஒரு சொல். என் ஊரின் பெயர் அந்தச் சட்டத்தோடு சேர்ந்து அடிபட்டது. ஆழ்கடல் எண்ணெய் ஆராய்ச்சிக்கு 150 கோடி டாலர் வரை வழிவகுக்கும் ஒரு பிரிவு, கூட்டுக் குழுவின் பேச்சு முடிந்த பிறகு உள்ளே நுழைக்கப்பட்டது என்று ஜனநாயகக் கட்சிப் பிரதிநிதி ஹென்றி வாக்ஸ்மன் 2005 ஜூலையில் அவைத்தலைவருக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பணத்தின் பெரும்பகுதியை நிர்வகிக்கும் வாய்ப்பு இருந்த கூட்டமைப்பின் அலுவலகம் ஷுகர் லேண்டில், அதாவது டிலேயின் தொகுதியில் இருந்தது. பின்னர் அதே கூட்டமைப்புதான் தேர்வும் செய்யப்பட்டது. 2013 டிசம்பர் வரவுசெலவு உடன்பாட்டில் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. வடகரை சொன்ன 322-ஆம் பிரிவு இன்னும் இருக்கிறது. அவருடைய வாதத்துக்கு இதைவிடச் சான்று நானே தேடிக் கொடுக்க முடியாது. எண்ணெய்த் துறைக்காரனிடமிருந்து இது போதும் என்று நினைக்கிறேன்.

#8 கணக்காயர்

வடகரை அவர்களின் பதிவு இந்த இழையிலேயே கனமானது. ஆனாலும் அதை முழுதாக விழுங்க முடியவில்லை.

விலையில்லாப் பத்திகள் நுழைய வேண்டுமானால், விலையுள்ள பத்திகளால் வாக்குகள் சேர்ந்திருக்க வேண்டும். 2005-இல் எத்தனால் கட்டளை 750 கோடி கேலனாக உயர்ந்தது. மத்தியமேற்கு முழுவதும் வரிசையில் நின்றது. இல்லினாய்ஸின் புதிய செனட்டர் பராக் ஒபாமா ஆதரித்து வாக்களித்தார். மெக்கெயினும் ஹிலாரி கிளிண்டனும் எதிர்த்தார்கள். 2008 தேர்தலில் அந்த வாக்கு ஒபாமாவுக்கு எதிராக நினைவூட்டப்பட்டது. அப்போது அவருடைய பதிலின் சாரம், அதில் மாற்று எரிசக்திக்கும் இடம் இருந்தது என்பதே. அது வெறும் சாக்கு அல்ல. வணிகச் சூரிய மின்சாரத்துக்கான வரிச்சலுகையை 10 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாக்கியதும், வீட்டுக் கூரைக்கு அதே விகிதத்தைக் கொடுத்ததும் இந்தச் சட்டம்தான். முதலில் இரண்டே ஆண்டுகளுக்கு. பிறகு நீட்டிக்கப்பட்டு, நீட்டிக்கப்பட்டு, ஒரு தொழிலே அதன்மேல் எழுந்தது. பாறைப் பிளப்பு விலக்கையும் சூரியத் தகட்டையும் ஒரே கூடையில் வைத்து விற்றார்கள். கூடை இல்லாமல் இரண்டில் எது வந்திருக்கும் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?

அது மட்டுமல்ல. 2011-இல் தொகுதி ஒதுக்கீடுகளுக்குக் காங்கிரஸ் தடை போட்டது. 2021-இல் வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்தது. தடை இருந்த பத்தாண்டுகளில் இந்த அளவு அகலமான எரிசக்திச் சட்டம் ஏறக்குறைய வரவே இல்லை. 2020 இறுதியில் வந்ததும் மாபெரும் செலவு மசோதா ஒன்றின் முதுகில் ஏறித்தான் வந்தது. தூய எரிசக்திக்கு வரிச்சலுகைகள் தந்து 2022-இல் வந்ததோ செனட்டில் 50-க்கு 50 என நின்று, துணை அதிபரின் வாக்கால் நிறைவேறியது. அதற்கு மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ஜோ மான்சினுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதிகளில் ஒன்று, அவர் மாநிலத்திலிருந்து புறப்படும் 303 மைல் எரிவாயுக் குழாய். அந்தக் குழாய்க்கான அனுமதி 2023 ஜூனில், கடன் உச்சவரம்பு பற்றிய சட்டத்துக்குள் ஒரு பிரிவாக வந்தது. அனுமதிகளை எதிர்த்து நீதிமன்றம் போகும் வழியையும் அது பெருமளவில் அடைத்தது. பணம் ஒதுக்காத பத்தி, வடகரை அவர்களே.

#9 மலர்விழி

கணக்காயர் ஐயா கூடையைப் புகழ்கிறார். ஆனால் கூடையில் வாங்கியது கூடையிலேயே போகும் என்பதையும் பார்த்தோம். 2024 ஆகஸ்டில் பிரதிநிதிகள் அவையின் குடியரசுக் கட்சியினர் 18 பேர், தங்கள் தொகுதிகளில் ஆலைகள் எழுவதால் 2022 வரிச்சலுகைகளை மொத்தமாக ஒழிக்க வேண்டாம் என்று அவைத்தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள். தொகுதிக்குத் தொகுதி பரப்பி வைத்தால் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்ற பழைய கணக்கு பலித்துவிட்டது என்று அப்போது எழுதினார்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தில், வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரத்துக்கான சலுகை அந்த ஆண்டு டிசம்பரோடு முடிந்தது. கடிதம் எழுதியவர்களில் காங்கிரஸில் எஞ்சியிருந்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் ஆதரித்தே வாக்களித்தார்கள். 2005-இல் பிறந்து இருபது ஆண்டுகள் வாழ்ந்த சலுகை அது.

தொகுதியில் எழுந்த ஆலையைவிடக் கட்சிக் கொறடா பெரியவராகிவிட்ட காலம் இது. 2003-இல் கிரெக்கும் சுனுனுவும் கிணற்றைப் பார்த்து வாக்களித்தார்கள். இன்று அதே நிலை வந்தால் எத்தனை பேர் கிணற்றைப் பார்ப்பார்கள் என்பதுதான் என் கவலை. தொகுதிக்காகப் பேசுவதையே நாம் இழிவாக எண்ணப் பழகினால், அவர்கள் வேறு யாருக்காகப் பேசுவார்கள்?

#10 தாமிரபரணிக்காரன்

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் ஒரு கேள்வி மட்டும். அந்த 23.6 கோடி டாலர் உண்மையில் கிணறுகளுக்குப் போனதா? மலர்விழி அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

#11 மலர்விழி

போனது, ஐயா. மேல்முறையீடுகள் முடிந்து வட்டியோடு பணம் வந்த பின், 2016-இல் மாநிலம் குடிநீருக்கும் நிலத்தடி நீருக்கும் என்று ஓர் அறக்கட்டளை நிதியை அமைத்தது. ஊராட்சிகள் விண்ணப்பிக்கும், குழாய் நீட்டவும், மாசுபட்ட கிணறுகளுக்கு மாற்று ஏற்பாடு செய்யவும், நீர்பிடிப்பு நிலங்களைப் பாதுகாக்கவும் மானியமும் கடனும் கிடைக்கும். யாருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்யும் குழுவில் சட்டமன்ற உறுப்பினர்களும் உண்டு.

#12 கணக்காயர்

அப்படியானால் அதுவும் ஊருக்கு ஒரு துண்டுதான், அம்மா. நான் எதிர்க்கவில்லை.